பதினோராம் எண் வீட்டில் கேட்ட சத்தம்

லொரெய்ன் கிர்க்பி 1961 நவம்பர் 9ஆம் தேதி, கடலோர ஊரான விதர்ன்சியில் பிறந்தார். அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர். லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறைகளில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை. இதெல்லாம் நீதிமன்றத் தாள்களைப் படித்து நான் தெரிந்துகொண்டது. பத்து மாதம் அவருடைய காலடிக்குக் கீழேயே குடியிருந்தும் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை.

வீட்டுவசதி அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு கோப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தின் பெயர் லார்க்ஃபீல்ட். மூன்று தளம், நகராட்சிக்குச் சொந்தம். நடுத்தளத்தில் எட்டாம் எண் என்னுடையது. எனக்கு நேர் மேலே பதினொன்று. அதற்கு எதிர்வீடான பன்னிரண்டில் நோரா பில்ட்டன் என்ற விதவை. லொரெய்ன் 2008 பிப்ரவரி 4, திங்கட்கிழமை காலை குடிவந்தார். இரண்டு பெட்டி, ஒரு கட்டில், ஒரு இழுப்பறை அலமாரி. அந்த அலமாரியை மேலே ஏற்ற இரண்டு ஆட்கள் திணறினார்கள். மறுநாள் ஒரு தட்டில் இஞ்சிக் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, வெந்நீரில் சிவந்த கைகள்.

“வீட்டுக்குள்ள நான் துணிச்செருப்புதான் போடுவேன், மிஸ்டர் ஹெப்வொர்த். தரையில கம்பளம் இல்ல பாருங்க. ஏதாவது சத்தம் கேட்டா எங்கிட்ட சொல்லிடுங்க, என்ன?”

சொல்கிறேன் என்றேன். சத்தம் கேட்டபோது அவரைத் தவிர மற்றவர்களிடம் சொன்னேன்.

முதல் சத்தம் பிப்ரவரி 11, மாலை 4.52. கனமான பொருள் ஒன்று தரையில் இழுபடும் ஓசை. 4.54க்கு நான்கு முறை தட்டும் ஓசை. சற்று இடைவெளி. மறுபடி நான்கு. 5.20 வரை இப்படியே. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே நேரம். என் தேநீர்க் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.

நான் முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் கேபினில் இருந்தவன். அங்கே ஒரு பதிவேடு உண்டு. மணி அடித்ததும் நேரத்தோடு எழுத வேண்டும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துக் கேபின்காரர் எத்தனை மணி அடிக்கிறாரோ, அத்தனை மணி நாமும் திருப்பி அடிக்க வேண்டும். கேட்டுவிட்டது, ஆள் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கை ஓய்வு பெறவில்லை. முதல் ஐந்து வாரத்தில் பதினொரு தடவை கோபம் பொறுக்காமல் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்திருக்கிறேன். மேலே நான்கு கேட்டால் நானும் நான்கே இடித்தேன். எண்ணி இடிக்க நினைக்கவில்லை, கை தானாக அப்படிச் செய்தது. கடைசியாக இடித்தது மார்ச் 17. அன்று காலை அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்த அதிகாரி ஜில் ஸ்டாத்தர்ட், பதிலுக்கு இடிப்பது என் மேலேயே தப்பாகிவிடும் என்று எச்சரித்தார். அதோடு நிறுத்தினேன்.

ஜில் ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார். அக்கம்பக்கத் தொல்லைக்கென்றே அச்சடித்தது. ஐந்து கட்டங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சத்தம் எந்த வீட்டிலிருந்து என்ன மாதிரி, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு. எனக்கு அது பிடித்துப்போனது என்பதை ஒளிக்க மாட்டேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்து மறுபடி கையில் ஒரு பதிவேடு. மாலை நாலரைக்கே பேனாவைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஜூலைக்குள் அறுபத்து மூன்று வரி ஆயிற்று. நான்காவது கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ‘எண் 11, இழுக்கும் ஓசை, இரண்டு நிமிடம் கழித்துத் தட்டும் ஓசை’ என்று எழுதினேன். ஐந்தாவது கட்டத்தைத் தொடவில்லை. மணி அடித்தபோது மனசு எப்படி இருந்தது என்று கேபினில் எழுதுவது கிடையாது.

ஜில் தாள்களைப் புரட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நேரமெல்லாம் தங்கமா குறிச்சிருக்கீங்க, ஆர்னால்டு. கடைசிக் கட்டம் மட்டும் காலியா இருக்கே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீதிபதி இத எதுக்குப் படிக்கணும்?”

“எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“ஏதாவது ஆகியிருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க.”

அன்று மதியம் அறுபத்து மூன்று வரியையும் ஒரே உட்காரலில் நிரப்பினேன். நெஞ்சு படபடத்தது. சாப்பிட முடியவில்லை. மன அமைதி கெட்டது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றி, அதே மையில் எழுதினேன். கேபினில் இப்படி முன்தேதியிட்டு எழுதியவனை நான் ஒரு தடவை மேலதிகாரியிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நகராட்சி வீட்டில் குடிவருகிறவர்களுக்கு முதல் வருடம் சோதனைக் காலம். அதற்குள் புகார் நிரூபணமானால் வீடு போய்விடும். அக்டோபர் 21 அன்று நீதிமன்றத்தில் லொரெய்ன் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். மேலே எதை இழுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அலமாரியை என்றார். தினமும் எதற்கு? பழக்கமாகிவிட்டது என்றார். தட்டுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. என் தாள்களை நீதிபதி பாராட்டினார்.

டிசம்பர் 3 அன்று வீட்டைக் காலி செய்தார். படியிறங்கும்போது என் கதவருகே கொஞ்சம் நின்றார். கதவுத் துளை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேக் கொண்டுவந்த தட்டை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே பதினொன்றின் கதவுக்கு ஆட்கள் இரும்புத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய். 4.54. நான்கு தட்டு.

இந்தத் தடவை இரும்பின் ஓசை. நான் மாடியேறினேன். மீன் பதப்படுத்தும் ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு ஒரு ஆள் பதினொன்றின் முன்னால் நின்றிருந்தான். அவனிடம் கோபம் தெரியவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, தகட்டில் காதை வைத்து, நான்கு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தான். மறுபடி நான்கு தட்டினான்.

“லொரெய்ன். நீ உள்ளதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும், செல்லம்.”

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அவ எங்க போனான்னு உங்களுக்குத் தெரியுமா, பெரியவரே?”

தெரியாது என்றேன். அது உண்மை. அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வீட்டுக்குள் வந்து படிவங்களின் நகலை எடுத்துப் படித்தேன். அறுபத்து மூன்று வரியிலும் இழுக்கும் ஓசை முதலில், தட்டும் ஓசை பிறகு. இடையில் இரண்டு நிமிடம். ஒரு ஞாயிறுகூட இல்லை. ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. கடிகாரத்தைக் கையில் பிடித்து, கார் நிறுத்துமிடத்திலிருந்து பதினொன்றின் வாசல்வரை நடந்து பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐந்து வினாடி. லொரெய்ன் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார். அவன் தலை தெரிந்ததும் அலமாரியைக் கதவுக்கு அண்டைகொடுத்திருக்கிறார். எல்லாம் என் கையாலேயே எழுதியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று தட்டினவனை உள்ளே இருந்தவர் பேரில் எழுதியிருந்தேன்.

நோராவிடம் போய்க் கேட்டேன். அவருக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று விட்டுவிட்டாராம்.

“எங்கிட்ட யாரு வந்து கேட்டா, ராசா? படிவம் உங்கிட்டதான இருந்துச்சு. நீதான் பெரிய எழுத்துக்காரன்.”

ஜில்லிடம் போனேன். கோப்பு மூடியாகிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். தன் நடத்தையால் வீடிழந்தவர் என்று லொரெய்னைக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு இருக்கும்வரை எந்த நகராட்சியும் அவருக்கு வீடு கொடுக்காது. தற்காலிக விடுதியில் ஒரு அறையில் இருக்கிறார். அந்த அறையும் பிப்ரவரி கடைசிவரைதான். மறுபரிசீலனைக்கு இடம் உண்டு, ஆனால் புதிய சாட்சியம் வேண்டும்.

ஏழு பக்கம் எழுதினேன். இரண்டு நிமிடக் கணக்கையும், இரும்புத் தகட்டில் தட்டினவனையும், ஞாயிற்றுக்கிழமைகளையும் எழுதினேன். ஐந்தாவது கட்டத்தில் இருந்த அறுபத்து மூன்று வரியும் பொய் என்றும், எந்த நாளில் உட்கார்ந்து எழுதினேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று ஜில் தயங்கினார். சேர்த்தேன்.

விசாரணை 2009 பிப்ரவரி 12. அலுவலக நடையில் லொரெய்ன் உட்கார்ந்திருந்தார். காலடியில் அதே இரண்டு பெட்டி. தட்டைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முந்தைய ஊரில் சொல்லிப் பார்த்தாராம். சொன்ன தாளிலேயே புது விலாசமும் இருந்ததாம். அதன் நகல் அவனுக்கும் போக, அதைப் படித்துத்தான் அவன் இங்கே வந்து சேர்ந்தான். பிறகு கொஞ்ச நேரம் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முதல்ல நீங்க கீழயிருந்து தட்டுவீங்களே. அவன் நாலு தட்டினா நீங்களும் நாலு.”

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நான் அலமாரில முதுகச் சாச்சுத் தரையில உக்காந்திருப்பேன். உங்க தட்டு காலுக்கடியில வரும். யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்க, நான் தனியா இல்லைன்னு தோணும். மார்ச்சுல திடீர்னு நின்னுபோச்சா, நீங்க செத்துட்டீங்களோன்னு பயந்துட்டேன். மறுநாள் காலையில வாசல்ல பால் எடுத்தீங்க. ஜன்னல்லேர்ந்து பாத்தேன்.” அவர் நிமிர்ந்தார். “ஏன் நிறுத்துனீங்க?”

கோபத்தில் இடித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அறுபத்து மூன்று பொய்யை எழுத்தில் ஒப்புக்கொண்டவனுக்கு இந்த ஒன்று வாயில் வரவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்தக் குறிப்பை நீக்கினார்கள். மார்ச்சில் வேறொரு நகரத்தில் அவருக்கு வீடு கிடைத்ததாக ஜில் சொன்னார். எந்த நகரம் என்று நான் கேட்கவில்லை. அது எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது.

ஏப்ரலில் பதினொன்றுக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். தரை முழுக்கத் தடித்த கம்பளம் விரித்திருக்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போய் ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். இருந்தும் ஞாயிறு தவிர எல்லா நாளும் 4.52க்கு மேலே அலமாரி இழுபடுகிறது. நான் பேனாவை எடுப்பதில்லை. 4.54க்கு நான்கு கேட்கிறது. எழுந்து துடைப்பத்தை எடுக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது பிரசவ விடுப்பில் வீட்டில் இருக்கிறாள். நேற்று அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேல்வீட்டிலிருந்து என்மேல் புகார். அவளுடைய படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள். ஒன்பது நாள், ஒன்பது வரி. அழகான சின்ன எழுத்து. இழுக்கும் ஓசை என்று அதில் எங்கும் இல்லை. நான்காவது கட்டத்தில் ‘எண் 8, கீழேயிருந்து நான்கு தட்டு’ என்று எழுதியிருந்தாள்.

நேரத்தைச் சரிபார்த்தேன். 4.54. ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை.