முடிச்சுப் போட்ட ஈயம்

என் அக்கா ரயில் எஞ்சின் செய்கிறாள் என்று சொன்னால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். முழங்கை நீளம்தான் என்றதும் மூடிக்கொள்வார்கள். வசதியானவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்க வாங்கும் எஞ்சின்கள். அவற்றின் பித்தளை உடம்பில் அலங்காரப் பட்டைகளை ஈயம் உருக்கி, சால்டரிங் செய்து ஒட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. அதே பட்டறையில் பெயிண்ட் பிரிவில் அவள் தங்கை நான். "பொம்மை" என்று சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே சொல்வேன்.

பட்டை என்றால் நூல் கனம்தான். புதிதாக ஒன்றை ஒட்டும் சூட்டில், முன்பு ஒட்டியது கழன்று வந்துவிடும். அதனால் இரண்டு வகை ஈயம். நீளப் பட்டைக்கு அதிகச் சூட்டில் உருகுவது. பிறகு அதை ஒட்டியே வரும் ஜன்னல் சட்டத்துக்குக் குறைந்த சூட்டிலேயே உருகுவது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே தகர டப்பாவில் கிடக்கும். மாறிப்போகாமல் இருக்க, அதிகச் சூட்டு ஈயச் சுருளின் நுனியில் அக்கா ஒரு முடிச்சுப் போட்டு வைப்பாள். பதினோரு வருஷம் பக்கத்துப் பிரிவில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் பேசுவேனே தவிர, கேட்க மாட்டேன்.

அவளுக்குக் கழுத்து நிமிராது. இருமல் வேறு. அவள் மேஜைக்கு மேல் இருக்கும் விசிறி பாதிப் புகையை இழுக்கும், மீதியை அவள் இழுப்பாள். இனிமேல் புகையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரம் ஒரு மேஜை உண்டு. முடிந்த எஞ்சின்களை அங்கே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். புகை கிடையாது, காற்று வரும். அங்கே இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார்.

"இந்தப் பன்னெண்டு எஞ்சினையும் தேதிக்கு, ஒரு குறை இல்லாம முடிச்சுக் குடும்மா. அந்த மேஜை உனக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உழைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிப் போக வந்தேன். மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாவமாக இருந்தது. எழுப்ப மனசு வராமல், மேஜையைத் துடைத்தேன், பிரஷ்களைக் கழுவினேன், டப்பாவையும் ஒழுங்குபடுத்தினேன். ஒரு சுருளின் நுனியில் சிக்கல் விழுந்திருந்தது. பிரித்து நீவி விட்டேன். இன்னொன்று அவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி, கலையாமல் இருக்க ஒரு முடிச்சுப் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவளை எழுப்பினேன்.

திங்களும் செவ்வாயும் பன்னிரண்டு எஞ்சின்களுக்கும் நீளப் பட்டை ஒட்டி முடித்தாள். அந்த இரண்டு நாளும் வீடு திரும்பும்போது அவள் இருமினாலும் முகம் தெளிவாக இருந்தது. ஒரு தடவை தானாகவே சிரித்தாள்கூட.

புதன்கிழமை காலையில் முதல் ஜன்னல் சட்டத்தை வைத்துச் சூடு காட்டினாள். கீழே இருந்த நீளப் பட்டை சறுக்கி மேஜையில் விழுந்தது. இரண்டாவது எஞ்சினிலும் அதே கதைதான். மூன்றாவதை அவள் தொடவில்லை. டப்பாவை எடுத்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் எல்லாரும் கூடிவிட்டோம். பன்னிரண்டையும் கழற்றி, ஈயத்தைச் சுரண்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேதி போய்விட்டது.

"ஈயத்த யாரு மாத்தி வெச்சது?" சூப்பர்வைசர் கத்தினார்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தது, சனிக்கிழமை நான் போட்ட முடிச்சை. ஊரில் உள்ள சண்டையையெல்லாம் விலை கொடுத்து வாங்குகிற வாய் என் வாய். அன்றைக்கு மட்டும் அது திறக்கவே இல்லை.

"யாரும் மாத்தல சார். நான்தான் அசந்துட்டேன்" என்றாள் அக்கா.

ஜன்னலோர மேஜை, தகட்டைப் பாய்லராக உருட்டுகிறவருக்குப் போனது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்த டப்பாவ…"

"தெரியும்டி. ரெட்ட முடிச்சு. சின்ன வயசுல உன் ஷூ லேஸை அவுக்க முடியாம எத்தன நாள் திட்டியிருக்கேன். உன் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன அனுப்பிடுவாங்க. மேஜை மட்டும் எனக்கு வந்துடுமா?" பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஈயம் சீக்கிரம் உருகுது, சந்தேகப்பட்டிருக்கணும். நான்தான் படல. இத்தன வருஷம் கழிச்சு நம்ம கை இவ்வளவு நல்லா வருதேன்னு நெனச்சுட்டேன். ரெண்டு நாளும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுடி."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நடுரோட்டில் அழுதேன். அவள் முந்தானையைக் கொடுத்தாள், ஈயப் புகை வாடை அடித்தது.

மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அவளோடு ஈயம் சுரண்டினேன். இப்போது சுருள்கள் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. மூடியில் நானே சிவப்பும் பச்சையும் அடித்துக் கொடுத்தேன். இனி மாற வழியே இல்லை. ஆனாலும் என்றைக்காவது ஈயம் அழகாக ஓடி, பட்டை ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்டால், அக்கா கையை நிறுத்திவிடுகிறாள். டப்பாவின் மூடியை எடுத்துப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஒட்டுகிறாள்.