வயிறு ஊதின லெப்டொப்பும் மணல் வாளியும்

பழைய கொம்பியூட்டர் வாங்கிக் கழட்டுற தொழில்ல பாரம் தூக்கிறது சுகம், பயத்தைத் தூக்கிறதுதான் கஷ்டம். செத்த போனை மேசை லாச்சிக்குள்ள வச்சுக் காக்கிற என்ட சனங்களே, நானும் உங்கள்ல ஒருத்தன்தான். என்ட போன்ட பின்மூடி மூடுதில்ல. மூடிதான் பழுது எண்டு ரப்பர் பேண்ட் சுத்தி, சேட் பொக்கெட்டில வச்சுத் திரிஞ்சனான்.

அரிசிப் பை வைத்தியம்

வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட் வீட்டில ஒரு ரீச்சரம்மா லெப்டொப் எடுக்க வரச் சொன்னவ. போனா, குசினியில, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில, அஞ்சு கிலோ அரிசிப் பைக்குக் கீழ கிடக்குது. பையைத் தூக்கினன். லெப்டொப்புக்கு வயிறு ஊதி, கீபோட் மேல எழும்பி நிக்குது. தொட்டா சுடுது. நெயில் பொலிஷ் மாதிரி ஒரு வாசம்.

பற்றரி வீங்கினா உள்ளுக்குக் காத்து. அமத்தினா பத்தும், பத்தினா நெருப்பு லேசில நூராது. விட்டிட்டு ஓடலாம், ஆனா மேல நாலு மாடிச் சனம். கழட்டுற சாமானும் எங்கட கொட்டாஞ்சேனைக் கடையில. "எத்தினை நாளா ரீச்சர் இப்பிடி?" எண்டன். மூக்குக்கண்ணாடியை இறக்கி, பிள்ளையளைக் கேக்கிற மாதிரியே சொன்னா: "ரெண்டு கிழமை தம்பி, பாரம் வச்சுப் பாத்தனான் குறையேல்ல, சார்ஜ் போட்டும் பாத்தனான் குறையேல்ல, நீர் என்ன படிச்சனீர்?"

காலி ரோட்டில கர்ப்பிணி

காலி ரோட்டால கடைக்குக் கொண்டுபோக த்ரீவீல்ல ஏறி, லெப்டொப்பை மடியில வச்சு, ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அந்தோனியாரே!" எண்டு கத்தினன். ட்ரைவர் ஒரு சிங்கள அண்ணன், அய்யே எண்டு கூப்பிட்டன்; கண்ணாடியில பாத்துப் பாத்துச் சிரிச்சார். கொள்ளுப்பிட்டியில வாசம் கூடிட்டுது. வாயை வச்சுக்கொண்டு இருக்கேலாம, வெடிக்கிற சாமான் எண்டு சொல்லிப்போட்டன்.

அதுக்குப் பிறகு நடந்து போறவன் எல்லாம் எங்களை முந்திப் போறான். அய்யே தலையை வெளியில நீட்டி ஓட்டுறார், ஏதும் நடந்தா தலையாவது தப்பட்டும் எண்டு. கடை வாசல்ல இறங்கேக்க, தெரிஞ்ச தமிழ்ல அழுறாப்போல சொன்னார்: "மல்லி, தம்பி, நீ சொல்லாம இருந்தா நான் சந்தோசமா செத்திருப்பேன் தானே!"

ரப்பர் பேண்ட்

கடையில என்னோட வேலை செய்யிறது நாஸர் நானா, எனக்கு அண்ணன் மாதிரி. லெப்டொப்பைக் கண்டோடனே கதை பேச்சில்ல, மணல் வாளியை இழுத்து முன்னுக்கு வச்சார். நான் ஒவ்வொரு ஸ்குருவாக் கழட்டினன். பற்றரி பசையில ஒட்டிக் கிடக்கு. இரும்பு படக்கூடா, வளைக்கக்கூடா. பிளாஸ்டிக் கார்டைச் செருகிச் செருகி, மூச்சே விடாம நெம்பி, எடுத்து மணலுக்குள்ள இறக்கிறன், "உஸ்ஸ்" எண்டுது. நூல் மாதிரிப் புகை. நானா மேல மணலைக் கொட்டினார். ரெண்டு பேரும் சுவரில முதுகை ஒட்டிக்கொண்டு நிண்டம்.

புகை அடங்கிச்சு. அப்பாடா எண்டு நான் குனிஞ்சன்.

"டப்!"

நானா மேசைக்குக் கீழ. நான் அவருக்கும் கீழ. சத்தம் வாளியில இருந்து இல்ல, என்ட பொக்கெட்டில இருந்து! ரப்பர் பேண்ட் அறுந்து போச்சு. போனை ரெண்டு விரலால எடுத்தன். போன மாசம் ஆரோ எறிஞ்ச போன்ல இருந்து நானே கழட்டிப் போட்ட பற்றரி, இடியப்பத் தட்டு மாதிரி உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு நிக்குது. நானா மேசைக்குக் கீழ இருந்தே வாளியைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஊர்ட வயித்தயெல்லாம் பாத்துத் திரியிறியே, உன்ட நெஞ்சில கிடக்கிறது எத்தின மாசம்டா?"

அண்டைய நாள்ல இருந்து, கடைக்கு வாற ஆரையும் திட்ட முதல், என்ட பொக்கெட்டை ஒருக்காத் தடவிப் பாத்திட்டுத்தான் வாயே திறக்கிறன்.