நிறையை வெட்டிய பேனா

என் ஆய்வு வழிகாட்டியைப் போன்ற ஒரு மேதாவியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்க்க ஆசையும் இல்லை. எழுபதுகளின் தொடக்கம். பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருஷம். அவருக்குக் கல்பாத்தி அக்ரகாரத்தில் வீடு. எனக்கு வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர் லயம். ‘எஸ்டேட்லேர்ந்து வந்த குட்டி’ என்றுதான் என்னைப் பிறரிடம் சொல்வார். பெயரைச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் போல.

ஈர்ப்பு விதி பாடப்புத்தகத்தில் இருப்பதிலிருந்து கொஞ்சம் மாறினால், அலையாக நடந்துகொள்ளும் நியூட்ரானுக்கு என்ன ஆகும்? இதுதான் என் ஆய்வேடு. கல் விழுந்தால் அதன் நிறை சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகும். நியூட்ரானின் அலையில் அப்படிப் போகாது, உள்ளேயே நிற்கும். விதி மாறியிருந்தால் அந்த இடத்தில் தெரியும். மூன்று மாதம் மண்டையை உடைத்து நான் கண்டது அந்த ஒரு வரிதான். ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது. ஊருக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டியதுதான்.

அவர் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பக்கத்தைப் புரட்டி மூக்கைச் சுழித்தார்.

“கல்லும் எறகும் ஒண்ணாத்தானே விழும்? ரெண்டு பக்கமும் மாஸை வெட்டிடு. நன்னா சின்னதா வரும்.”

காலமெல்லாம் கல்லை வைத்தே பாடம் நடத்தியவர். கை தானாக வெட்டும்போது மூளை எதற்கு?

அந்தக் கையை எனக்கு முன்பே தெரியும். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை, இலையில் ஈரம் என்று மழை நாளில் இரண்டு கிலோ கழிப்பார். பழக்க தோஷத்தில் பட்டை வெயிலிலும் கழிப்பார். எல்லாரும் பேசாமல் போவார்கள். அம்மா மட்டும் தினமும் ஈரம் எங்கே என்று கேட்பாள். ஒருநாளும் ஜெயித்ததில்லை, கேட்காமல் கூடையை எடுத்ததும் இல்லை. லீவு நாளில் அவளோடு போய் நிற்கும் எனக்கு மானம் போகும்.

பேனாவைத் திறந்தேன். அவர் கண்முன்னாலேயே நிறையை வெட்டினேன். முதல் வகுப்பு கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து வெளிநாட்டில் நியூட்ரானை வைத்தே சோதனை செய்து பார்த்தார்கள். முடிவு ஆய்வுப் பத்திரிகையில் வந்தது. சூத்திரத்தில் நிறை அசையாமல் உட்கார்ந்திருந்தது. ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று அந்த மனுஷர் வகுப்பில் பீற்றிக்கொண்டாராம். தூ!

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். சரியாக இருந்ததைக் கழிக்கச் சொன்னார், நானும் கழித்துவிட்டேன் என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. அவர் வாயால் சொன்னதோடு சரி. பேனா என்னுடையது.