விளக்கு வைக்கும் நேரத்துப் பேச்சு

நல்லது செய்வதாக நினைத்து அடுத்தவர் வாயை அடைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று என் கணவர் அருகிலிருந்த ஆபீஸில் இருந்தார். உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அதன்பின் தூக்கம் போயிற்று. மாதுங்கா ஸ்டேஷனில் ரயில் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுவார்.

மாலையில் அன்று நடந்ததைப் பற்றிப் பேச அவராகவே வாயெடுப்பார். எங்களோடு இருக்கும் அவருடைய அத்தை விடமாட்டாள்.

"வெளக்கு வெக்கற நேரத்துல என்னடா அபசகுனப் பேச்சு? ஸ்லோகம் சொல்லு."

ஒருநாள் அவர், "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். அதற்கும் அத்தை ஸ்லோகம்தான் சொல்லச் சொன்னாள்.

மறுநாளே மனநோய் டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா? குடும்ப மானமே போச்சு" என்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அத்தையே கத்தினாள்.

டாக்டர், அன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் கணவர் பேசினார், அழுதார். வாராவாரம் போனோம். மெல்லத் தூக்கம் வந்தது. பிறகு ரயிலும் ஏறினார்.

இப்போதெல்லாம் விளக்கேற்றியதும் அவர் எதிரில் உட்கார்ந்து, "சொல்லுங்கோ" என்கிறேன். அத்தை சமையலறையில் ஸ்லோகம் சொல்லிக்கொள்ளலாம். மெதுவாக.