கூட வந்த எதையும் எடுக்காதே

என் அத்தை வினாத்தாள் அடித்துக் கொடுப்பவர். பள்ளி ஆசிரியர்கள் கையால் எழுதி உறையில் போட்டு அனுப்புவதை, படமும் பின்னமும் கோணாமல் கணினியில் அடித்து, தேர்வுக்கு முன்பு கொண்டுபோய் ஒப்படைப்பார். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறார்.

இந்த வேலைக்கு விரல் வேகத்தைவிட வாயடக்கம் முக்கியம். அத்தை அடித்த தாள்களில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளித் தேர்வு எழுதினேன். ஒரு கேள்விகூட என் காதில் விழுந்ததில்லை. அவர் அடிக்கும்போது அறை தாழிட்டிருக்கும். ஈ காக்கை நுழைய முடியாது. பிழை திருத்திய தாள்களைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கூழான பிறகுதான் குப்பையில் கொட்டுவார்.

"ராணுவ ரகசியமே இவ்வளவு ஊறாது" என்பார் அப்பா.

பழைய கணினி படுத்துவிட்டதால் அத்தை புது லேப்டாப் வாங்கினார். முதல்முறை திறந்தபோதே அதற்குள் ஒரு கூட்டம் குடியிருந்தது. 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று அலறும் ஒரு மாத இலவசப் பாதுகாப்பு, சீட்டு விளையாட்டு, ஏதோ ஒரு கடையின் படம், நாங்கள் போகவே போகாத ஊரின் வானிலை, பக்கத்துக் கருவிகளோடு கோப்புகளைப் பகிரும் ஒரு செயலி.

"அத்தை, இதெல்லாம் நாம கேக்கவே இல்லையே. எடுத்துடலாம்."

"கையை வைக்காதே. கடைக்காரர் என்ன சொன்னார்? கூட வந்த எதையும் எடுக்காதீங்க, வாரண்டி போயிடும்னு சொன்னாரா இல்லையா?"

"அது அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைச் சொன்னார்."

"ஒரு ஸ்டிக்கரை எடுத்தாலே போயிடும்னா, உள்ளே இருக்கிறதை எடுத்தா போகாதா?"

திரைமேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளையும் அவர் உரிக்கவில்லை. கொப்புளம் கொப்புளமாக உப்பிய அந்தத் தாள் வழியாகத்தான் கேள்விகளை அடித்தார். நாம் கேட்காத செயலி ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஒரு கூடுதல் கதவு, அது பூட்டியிருக்கிறதா என்றுகூட நமக்குத் தெரியாது என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"படிப்பு முடிஞ்சு வீட்ல சும்மா இருக்கிறவளுக்கு எதையாவது பிரிச்சுப் போடணும்னு கை அரிக்கத்தான் செய்யும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நெருங்கியிருந்த ஒரு சாயங்காலம், மாடி வீட்டுப் பையன் போனோடு இறங்கி வந்தான். அவர்கள் எங்கள் வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவன் படிப்பது என்னுடைய பழைய பள்ளியில்.

"அக்கா, கூட்டாளிக்கு ஒரு வீடியோ அனுப்பலாம்னு பார்த்தேன். உங்க அத்தை பேர்ல ஒரு லேப்டாப் வந்து நிக்குது. தொட்டேன், உள்ளே இருக்கிறது எல்லாம் தெரியுது."

அவன் போன் திரையில் அத்தையின் கோப்புகள் வரிசையாக இருந்தன. நடுவில் 'பத்து, கணக்கு, இறுதி'. அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"திறந்தியா?"

"இல்ல ஆன்ட்டி. திறக்கலாமான்னு தோணுச்சு. எனக்குக் கணக்கு சுத்தமா வராது. ஆனா பயமா இருந்துச்சு."

அந்தப் பகிரும் செயலியைப் போய்ப் பார்த்தேன். ஒரே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும், கேட்காமலே, ஆவணங்களைத் திறக்கலாம் என்று அதில் அமைத்திருந்தது. நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. பெட்டியிலிருந்து வந்ததே அப்படித்தான். அத்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம், மடிமேல் இருந்த அந்தச் சாமான் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

"பையன்தான் திறக்கலையே. பேசாம விட்டுடு" என்றார் அப்பா.

"இவன் வந்து சொன்னாண்ணா. சொல்லாதவன் எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமா?"

அத்தை அப்போதே அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளி அவசரமாக வேறு தாள் தயாரித்துத் தேர்வை நடத்தியது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார்கள். அடுத்த தேர்வுக்கு அங்கிருந்து உறை வரவில்லை. அத்தை விசாரித்தபோது, "இனிமே ஆபீஸ்லயே பார்த்துக்கறோம்மா" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். போனை வைத்த பிறகு அத்தை காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

எனக்கு ஆறவே இல்லை. திறந்துவிட்டவன் லேப்டாப் கம்பெனிக்காரன். பெயர் கெட்டது அத்தைக்கு. எங்கே எழுதிக் கேட்பது என்று தேடினால், 'உங்கள் வசதிக்காகச் சேர்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரிதான் கிடைத்தது. யாருடைய வசதி?

அத்தையே கடைசியில் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "வாரண்டி போனாப் போகட்டும். எடு." ஒவ்வொன்றாக எடுத்தேன். "இது யாரு? இது எதுக்கு வந்துச்சு?" என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த அப்டேட் முடிந்து திறந்தபோது, பகிரும் செயலி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மறுபடி எடுத்தேன். அத்தை இனி என்னையும் நம்பத் தயாராக இல்லை, அதையும் நம்பத் தயாராக இல்லை. மிச்சமிருக்கும் பள்ளிகளின் உறை வந்தால் முதல் வேலையாகக் கூடத்துக்குப் போய் ரவுட்டர் வயரைப் பிடுங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குள் போகிறார்.

"ஆன்ட்டி, நெட்டு!" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

"கணக்குப் போடுடா" என்று உள்ளிருந்து பதில் போகும். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.