கேன் தண்ணீர் குடித்த நாற்றுகள்

எங்கள் தோட்டத்துப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதில் மிளகாய் மட்டும் எப்படி வரும்? சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்த இரண்டு ஏக்கரில், இரண்டு வருஷமாக நட்ட கன்றெல்லாம் உப்பில் கருகிப்போனது. சோலார் தகடு பதிக்க நிலம் கேட்டு ஒருவர் வாரந்தவறாமல் வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவையும் கருகினால் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த மண்ணை விட மனசே இல்லை.

வேளாண்மை அலுவலகத்தில் ஒரு மேடம் வழி சொன்னார். நாற்றாக இருக்கும்போதே உப்புக்குப் பழக்க வேண்டும். நாலு இலை வந்ததும் நல்ல தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து ஊற்றி, நாள் போகப் போக அதைக் கூட்ட வேண்டும். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். வீட்டுக் கொல்லையில் நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை அடுக்கி, டம்ளரால் அளந்து ஊற்றினேன். என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"பிஞ்சுக்குப் போயி உப்பக் குடுக்கியே, ஏட்டி."

"உங்க சோலியப் பாருங்க," என்றேன்.

நாற்றுகள் குட்டையாகவே நின்றன. சுவரோரத்து இரண்டு தட்டுகள் மட்டும் கரும்பச்சையாக, தளதளவென்று வளர்ந்தன. என் கைராசி என்று ஒரே பெருமை எனக்கு. வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். நடும்போதும் அவற்றை ரோட்டுப் பக்கம், எல்லார் கண்ணிலும் படும்படி முன் வரிசைகளில் நட்டேன்.

பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் முன் வரிசை முழுக்கத் தலை தொங்கிக் கிடக்கிறது. இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. நிலம் போயிற்று என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் கணவர் பக்கத்தில் வந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செவரோரத்துத் தட்டுக்கு நாந்தான் தெனமும் கேன் தண்ணி ஊத்துனேன். பாவமா இருந்துச்சு."

நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் பின் வரிசைகள் கண்ணில் பட்டன. அந்தக் குட்டை நாற்றுகள் எல்லாம் நிமிர்ந்து, புதுத் துளிர் விட்டு நின்றன. ஓடிப்போய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எதிலும் கருகல் இல்லை. அழுத கண்ணோடே சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்த நாள் குறைவு. அந்தச் சந்தோஷத்தில் திட்ட மறந்துபோனேன். வீட்டுக்கு வந்ததும் நினைவு வந்தது, அப்போது வட்டியும் முதலுமாகத் திட்டித் தீர்த்தேன்.

சோலார்காரர் கடைசியாக வந்தபோது ஒரு பை பச்சைமிளகாய் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வருஷமும் தட்டுகளை அடுக்கியிருக்கிறேன். நேற்றுக் காலையில் கொல்லைக்குப் போனால், ஒரு செம்பு நிறையக் கேன் தண்ணீரோடு என் கணவர் சுவரோரம் நிற்கிறார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து அவ்வளவையும் தானே குடித்துவிட்டார்.