காலி வயலில் ஒரு சண்டைக் காட்சி

போன வாரம் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில், ஸ்டன்ட் ஆட்கள் பன்னிரண்டு பேரை ஒரே ஒரு பெண்மணி வரப்போடு தடுத்து நிறுத்திவிட்டார். காரணம்? அடியேன்தான்.

நண்பர் பாஸ்கர் ஒரு வெப் சீரிஸுக்கு புரொடக்‌ஷன் மேனேஜர். நம் மாநிலத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஷூட்டிங் நடத்தினால் அரசு மானியம் உண்டாம். அவருக்கு ஒரு நாள் குறைந்தது. அது தவறினால் மானியம் போச்சு... அவர் வேலையும் போச்சு.

"சண்டை சீனுக்கு ஒரு வெத்து வயல் வேணும் சார்" என்றார்.

"எங்க வயல் இருக்கே, அறுப்பு முடிஞ்சு காலியாத்தான் கிடக்கு" என்றேன், தஞ்சாவூரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு. பட்டா எங்கள் பேரில். குத்தகைக்குப் பயிர் செய்வது தமிழ்ச்செல்வி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

ஸ்பாட்டுக்குப் போனால் தமிழ்ச்செல்வி நிற்கிறார்.

"காலின்னு யாருண்ணே சொன்னா? குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். அறுத்த தாள்களுக்கு நடுவே இரண்டிரண்டு இலையாக உளுந்து! நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்தது? வெட்கமாகப் போய்விட்டது.

"நெல்லுல பாதி மழையில போச்சு. இந்த வருஷம் எங்களுக்கு மிஞ்சறது இதுதாண்ணே."

பாஸ்கர் முகத்தில் ஈயாடவில்லை. "நஷ்டஈடு கொடுத்துடறோம்மா..."

"முளைச்சதை மிதிக்க விட்டு நான் காசு வாங்க மாட்டேங்க. சண்டைதானே? வரப்புல போடுங்க."

டைரக்டர் வரப்பை ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

அப்புறமென்ன... பன்னிரண்டு அடியாட்களும் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒருவர் பின் ஒருவராக வந்து ஹீரோவிடம் அடி வாங்கினார்கள். விழுவதுகூட வாய்க்கால் பக்கம்தான் — தமிழ்ச்செல்வியின் உத்தரவு. யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாயங்காலத்துக்குள் சீன் முடிந்தது, பாஸ்கரின் நாள் கணக்கும் சரியானது.

மானியம் கொடுத்து சினிமாவை ஊருக்குக் கூப்பிடுவது நல்ல விஷயம்தான். டீக்கடைக்காரர் முதல் வேன் டிரைவர் வரை நாலு பேருக்கு வேலை. ஆனால் அனுமதி யாரிடம் கேட்பது? பட்டாவில் பேர் வைத்திருப்பவரிடமா, பாடுபடுபவரிடமா?

இந்தத் தத்துவத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று தமிழ்ச்செல்வியிடம் கேட்டார் டைரக்டர்.

"நல்லா இருந்துச்சுங்க. உங்க ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள கால் வைக்கல" என்றவர், என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே... நீங்கதான் உளுந்துல நிக்கிறீங்க."